ஆய்வு மாணவர்களுக்கான பயிற்சிச் சேவைகள்: நேரத்துக்குத் தகுந்தவை எவை?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த நாள் முதல் ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் வரை ஒரு மாணவரின் மின்னஞ்சலுக்கு வந்து குவியும் பயிற்சி அழைப்புகளுக்குக் கணக்கு வழக்கில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்றொரு பயிலரங்கு, நேர மேலாண்மை குறித்து ஒரு வகுப்பு, தலைமைப் பண்பு குறித்து ஒரு வெபினார், கற்பித்தலுக்கு ஒரு சான்றிதழ், பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை தேடுவோருக்கு ஒரு கலந்துரையாடல் என்று அவை ஓய்வதே இல்லை. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது என்பதாலேயே அவற்றை யாரும் கறாராக எடைபோடுவதில்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் ஒரு முழு நாள் போய்விடுகிறது. உதவித்தொகை முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது சிறிய செலவன்று.

நானே பயன்படுத்தியும், என்னுடன் படித்தவர்களும் எனக்குப் பின் வந்தவர்களும் பயன்படுத்தக் கண்டும் அறிந்த சில சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன். அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சேவையில் சேர்ந்தால், என் வேலையை இன்னொருவர் பார்த்து, இது புரிகிறது, இது புரியவில்லை என்று சொல்லும் நிலை உண்டாகிறதா? ஆய்வு மாணவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தன் வேலையை நிதானமாகப் பார்த்துச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்காத பயிற்சி எவ்வளவு அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் என் வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

தனிநபர் வளர்ச்சித் திட்டம் தீட்ட உதவும் இணையக் கருவிகளிலிருந்து தொடங்கலாம். அவற்றுள் பலரும் அறிந்தது, அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் 'சயின்ஸ்' இதழைச் சார்ந்த வேலைவாய்ப்புத் தளம் 2012இல் கொண்டுவந்த 'மைஐடிபி'. அறிவியல் ஆய்வாளர்களை மனத்தில் கொண்டு உருவான இது இலவசம். ஒரு கணக்கைத் தொடங்கினால் போதும். திறன்கள், ஆர்வங்கள், வாழ்க்கையில் எவற்றுக்கு முதலிடம் தருகிறோம் என்பன பற்றித் தனித்தனியே கேள்விகள் கேட்டு, அறிவியல் படித்தவர்கள் செல்லக்கூடிய 20 பணித்துறைகளில் எவை நம் திறனுக்கும் ஆர்வத்துக்கும் ஒத்துவருகின்றன என்று வரிசைப்படுத்திக் காட்டுகிறது. பேராசிரியர் வேலை ஒன்றைத் தவிர வேறெதையும் கேள்விப்படாத மாணவருக்கு அறிவியல் எழுத்து, காப்புரிமை, கொள்கை வகுப்பு, பொதுச் சுகாதாரம், தொழில்துறை ஆய்வு ஆகியவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து நிற்பதே ஒரு திறப்புதான்.

ஆனால் அந்த வரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்பெண் போடுபவரும் நாமே, மதிப்பிடப்படுபவரும் நாமே. தன்னைக் குறைத்தே எடைபோட்டுப் பழகியவர் எல்லாத் திறனுக்கும் குறைந்த மதிப்பெண்ணே இடுவார். அதற்கேற்ற முடிவுதான் வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருத்தத்தைக் கணிப்பதற்கு இந்தக் கருவி எடுத்துக்கொள்வது திறனையும் ஆர்வத்தையும் மட்டுமே. சம்பளம், வேலை நேரம், குடும்பத்துக்கு அருகில் இருப்பது, பணி நிரந்தரம் போன்றவை மூன்றாவது பகுதியில் பதிவாகின்றனவே தவிர வரிசையைத் தீர்மானிப்பதில்லை. உண்மையில் வேலையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இரவில் நம்மைத் தூங்கவிடாமல் செய்பவை அவைதாம். எனவே பட்டியலின் உச்சியில் வந்த துறையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நிறுத்தாமல், மூன்றாவது பகுதியின் விடைகளை அதன் பக்கத்தில் வைத்து நாமே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கருவியின் பயனுள்ள பகுதி என்று நான் கருதுவது அதற்கு அடுத்து வரும் இலக்கு நிர்ணயம். 'என் பேச்சுத் திறனை மேம்படுத்துவேன்' என்று எழுதினால் அது புத்தாண்டுத் தீர்மானம்தான். 'வரும் பருவத்துக்குள் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் என் மூன்றாம் இயலைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசி, கேட்டவர்களில் இருவரிடம் எழுத்தில் கருத்துப் பெறுவேன்' என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமிருக்காது. நினைவூட்டல் மின்னஞ்சல் வரும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அதைத் திறக்காமலே நீக்கிவிடுவது எத்தனை எளிது என்பது வேறு விஷயம்.

இந்தத் திட்டத்தை நெறியாளருடன் பேசினால்தான் அது உயிர் பெறும். அங்கேதான் சிக்கலும். 'எனக்குப் பேராசிரியராகும் எண்ணம் இல்லை' என்பதை நெறியாளரிடம் சொன்னால் அவருடைய அக்கறை குறைந்துவிடுமோ என்று அஞ்சாத மாணவர் அரிது; அந்த அச்சம் எல்லா இடங்களிலும் ஆதாரமற்றதும் அன்று. கணக்கில் நாம் எழுதியதை நெறியாளர் தாமாகப் பார்க்க முடியாது என்பதால், எதைக் காட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. திறன் இலக்குகள் உள்ள பக்கத்தை நெறியாளரிடமும், பணித்துறைப் பட்டியலை நம்பிக்கையான வேறொரு பேராசிரியரிடமோ துறையில் படித்து முடித்துப் போனவரிடமோ காட்டிப் பேசுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தன் நிதியில் கணிசமான பங்கைப் பெறும் முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய திட்டம் இருக்க வேண்டும் என்று 2024 முதல் விதித்திருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் விதியாகிவிட்ட எந்தப் படிவமும் ஆண்டறிக்கைக்கு முந்திய நாள் மாலை நிரப்பப்படும் படிவமாக மாறுவதற்கு அதிக நாளாகாது. கையொப்பம் மட்டும் போடும் நெறியாளரும், உட்கார்ந்து அரை மணி நேரம் பேசும் நெறியாளரும் ஒரே படிவத்தைத்தான் சமர்ப்பிக்கிறார்கள்.

இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளையும் சமூக அறிவியலையும் சேர்ந்த மாணவர்கள் மைஐடிபியில் தங்களைத் தேடி ஏமாற வேண்டாம். அவர்களுக்கென்றே 2017இல் 'இமேஜின் பிஎச்.டி.' வந்திருக்கிறது. அதுவும் இலவசம், ஏறத்தாழ அதே அமைப்பு. பிரிட்டனில் 'வைட்டே' அமைப்பு 2010இல் உருவாக்கிய ஆய்வாளர் வளர்ச்சிச் சட்டகம் வேறு வகை. நான்கு களங்கள், 12 உட்களங்கள், 63 கூறுகள் என்று ஓர் ஆய்வாளருக்கு இருக்க வேண்டிய அனைத்தையும் அது வகுத்துவைத்தது. விண்ணப்பக் கடிதம் எழுதும்போது, 'நான் செய்த இந்த வேலைக்கு என்ன பெயர் சொல்வது' என்று தேடுவதற்கு அகராதி போல உதவும். உட்கார்ந்து முழுவதையும் படித்தால் நம்மிடம் இல்லாதவற்றின் நீளத்தைக் கண்டு சோர்வுதான் மிஞ்சும்.

என் அளவுகோலில் முதலிடம் பெறுவது 'கார்பென்ட்ரீஸ்' நடத்தும் கணினிப் பயிலரங்கு. ஆய்வாளர்களுக்கு நிரலெழுதக் கற்றுத்தரும் முயற்சியாக 1998இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி', பின்னர் வந்த 'டேட்டா கார்பென்ட்ரி'யுடன் இணைந்து 2018 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. வழக்கமான பயிலரங்கு இரண்டு நாள் நடக்கும். கட்டளைகளைத் தட்டெழுதிக் கணினியை இயக்கும் யூனிக்ஸ் கட்டளை வரி, கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட், நிரல்மொழிகளான பைத்தான் அல்லது ஆர் என்பவை சாஃப்ட்வேர் பிரிவின் பாடங்கள். டேட்டா பிரிவில் விரிதாளை ஒழுங்காக அமைப்பதில் தொடங்கித் தரவைக் கையாளும் முறைகள் வரும். பயிற்றுநர் ஸ்லைடுகளைக் காட்டிப் பேசுவதில்லை. திரையில் அவர் ஒரு வரியைத் தட்டெழுத, கூடவே எல்லாரும் தங்கள் மடிக்கணினியில் அதையே தட்டெழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் தரப்படும். சொன்னதைச் செய்து முடித்தால் ஒரு நிறத்தை மடிக்கணினியின் மேல்விளிம்பில் ஒட்ட வேண்டும். மாட்டிக்கொண்டால் மற்ற நிறத்தை. கையைத் தூக்கி அத்தனை பேர் முன்னிலையில் 'எனக்கு வரவில்லை' என்று சொல்லக் கூசும் மாணவர்கூடத் தாளை ஒட்டத் தயங்குவதில்லை. உதவியாளர் ஒருவர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, மேற்கோள் குறி ஒன்று விடுபட்டதைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பயிற்றுநரும் அறையில் எந்த நிறம் கூடுகிறது என்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அவரே எல்லார் கண்ணெதிரிலும் தட்டெழுத்தில் தவறிழைத்து, வந்த பிழைச் செய்தியை வாசித்து, திருத்திக் காட்டுவதும் நடக்கும். பிழைச் செய்தியைக் கண்டு பதறாமல் அதைப் படிக்க வேண்டும் என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு நன்றாகக் கற்றுத்தருவதில்லை.

குறையும் உண்டு. இரண்டு நாளில் அவ்வளவையும் ஊட்டுவதால், சொந்தத் தரவை வைத்து உடனே பழகாதவர்களுக்குச் சில வாரங்களில் கிட் கட்டளைகள் மறந்துவிடும். பயிலரங்கில் பயன்படும் மாதிரித் தரவு ஒழுங்காக இருக்கும். நம்முடைய தரவோ பாதிக் கட்டங்கள் வெறுமையாக, தேதிகள் மூன்று விதமாக எழுதப்பட்டுக் கிடக்கும். பாடங்கள் அனைத்தும் திறந்த உரிமத்தில் இணையத்திலேயே கிடைப்பதால் தனியாக உட்கார்ந்து படித்துவிடலாமே என்று தோன்றலாம். படிக்கலாம்தான், ஆனால் பக்கத்தில் வந்து குனிந்து பார்க்க ஆள் இருக்காது. தரவு சேகரிக்கத் தொடங்கும் ஆண்டில் இதில் சேர்வதே சரியான நேரம். ஆய்வேடு எழுதும் ஆண்டில் சேர்ந்தால், முன்பே தெரிந்திருக்கலாமே என்ற ஏக்கம்தான் கூடும்.

'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியை வெறும் மேடை வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கி இன்று உலகின் பல நூறு பல்கலைக்கழகங்களில் நடக்கும் போட்டி இது. கடும் வறட்சியின்போது தண்ணீரைச் சேமிக்க, மூன்று நிமிட மணல் கடிகாரத்தைக் குளியலறையில் வைத்துக் குளிக்கும் நேரத்தை அளந்த வழக்கத்திலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாக அப்பல்கலைக்கழகமே சொல்கிறது. விதிகள் கடுமையானவை: அசைவற்ற ஒரே ஒரு ஸ்லைடு, ஒலி, காணொளி, கருவிகள், பொருள்கள் எதுவும் கூடாது, பாட்டோ கவிதையோ கூடாது, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம்.

மூன்று நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 400 சொற்கள்தான் பேச முடியும். அந்த நெருக்கடியில் முதலில் பலியாவது, 'அனைவருக்கும் வணக்கம், என் ஆய்வின் தலைப்பு' என்று தொடங்கும் வாக்கியம்; தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் பத்து நொடி போய்விடும். அடுத்துப் பலியாவது ஆய்வு முறையை விவரிக்கும் பகுதி. எஞ்சுவது, இது ஏன் தெரிந்துகொள்ளத் தக்கது என்ற கேள்வி மட்டுமே. பெரும்பாலான மாணவர்கள் அதற்கு இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லத் தடுமாறுவதை ஒத்திகைகளில் பார்க்கலாம். பரிசு யாருக்குக் கிடைக்கிறது என்பதை நான் பொருட்படுத்துவதில்லை. வேறு துறை நண்பர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, 'நீ சொன்னதில் நடுவில் ஒரு படி விட்டுப்போய்விட்டது' என்று சொல்லும் அந்த ஒத்திகைக்காகவே சேரலாம். எதிரான வாதமும் வலுவானதே: கணிதக் கோட்பாட்டையும் இலக்கணத்தையும் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வோடு ஒரே மேடையில் நிறுத்தினால், கேட்பவர் மனம் இயல்பாகவே மருந்தின் பக்கம் சாயும். அதனால் முடிவு சாதகமாக வராவிட்டால் ஆய்வே மட்டம் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

எழுத்துப் பயிற்சியில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய அரங்கில் எல்லாத் துறையினரையும் உட்காரவைத்து, சுருக்கம் எழுதுவது எப்படி, முன்னுரை எழுதுவது எப்படி என்று நடத்தும் வகுப்புகள் முதல் ஆண்டில் ஒரு முறை கேட்கத் தகுந்தவை, மறுமுறை தேவையில்லை. எழுத்து மையங்களில் கிடைக்கும் தனிப்பட்ட ஆலோசனை அப்படியன்று. அங்கே இருப்பவருக்கு நம் துறை தெரியாது, அதுவே வசதி. ஒரு பத்தியில் விரலை வைத்து, 'இந்த வாக்கியத்தில் "இது" என்று எதைச் சொல்கிறீர்கள், முறையையா, முடிவையா?' என்று கேட்பார். நெறியாளர் அந்த இடத்தைத் தம் அறிவால் நிரப்பிக்கொண்டு கடந்து போயிருப்பார். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அப்படிக் கடந்து போக மாட்டார். முழு இயலையும் கொண்டுபோய்க் கொட்டாமல், சங்கடப்படுத்தும் இரண்டு பக்கங்களை மட்டும் கொண்டுபோனால் அந்த ஒரு மணி நேரம் நன்றாகப் பயன்படும்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: குழுவாக அமர்ந்து மௌனமாக எழுதும் கூட்டங்கள். யாரும் யாருடைய எழுத்தையும் படிப்பதில்லை. இருபத்தைந்து நிமிடம் எழுதுவது, ஐந்து நிமிடம் ஓய்வு, மீண்டும் எழுதுவது, அவ்வளவே. கருத்துரை எதுவும் கிடையாது. இருந்தும் ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் விடாமல் வருகிறார்கள், எழுதியும் முடிக்கிறார்கள். தனிமை தின்றுகொண்டிருக்கும் காலத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் தட்டெழுதும் ஓசையே போதும் போலிருக்கிறது.

கற்பித்தலைப் பொறுத்தவரை, அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றை இணைக்கும் 'சர்ட்டில்' கூட்டமைப்பு 2003இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் தொடங்கியது. அதன் சான்றிதழில் மூன்று படிகள் உண்டு. தொடக்கப் படி, கற்பித்தல் பற்றிப் படிப்பதோடும் கலந்துரையாடுவதோடும் முடிந்துவிடும். அடுத்த படிகளில், தன் வகுப்பறையையே ஆய்வுக் களமாகக் கொண்டு, மாணவர்கள் உண்மையில் கற்றார்களா என்று தரவு திரட்டிப் பார்க்க வேண்டும். மதிப்பு அங்கேதான் இருக்கிறது. கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட கல்லூரிகளில் விண்ணப்பிக்க எண்ணுபவர் தொடக்கப் படியோடு நின்றுவிடக் கூடாது. இத்தகைய திட்டம் இல்லாத இடத்தில், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிக் குறிப்பெடுத்துத் தரக் கேட்கலாம், பலரும் மறுப்பதில்லை.

பதிவு செய்த காணொளிகள், நூறு பேர் கேமராவை அணைத்துவிட்டுக் கலந்துகொள்ளும் வெபினார்கள், கடைசியில் தாமாகவே வந்துவிழும் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வு நெறிமுறை போன்ற கட்டாயப் பாடங்களை முடித்துவிட வேண்டியதுதான். மற்றவற்றைத் தேவை வந்தபோது தேடிப் பார்த்தால் போதும். 'ஓர்க்கிட்' எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணுக்கு மட்டும் முதல் ஆண்டிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. கட்டணம் இல்லை, சில நிமிட வேலை, ஒரே பெயருடைய இருவரின் கட்டுரைகள் ஒன்றோடொன்று கலந்துபோவதை அது தடுக்கிறது.

கருத்தரங்குகளும் பயண உதவித்தொகையும் எஞ்சியிருக்கின்றன. கருத்தரங்கில் வாய்மொழி உரையைத்தான் பெருமையாக நினைக்கிறார்கள். முதல் முறை செல்பவருக்கு, ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி அதன் முன் நின்று விளக்கும் சுவரொட்டி அமர்வே மேல் என்பது என் கருத்து. உரைக்குப் பின் இரண்டு கேள்விக்குத்தான் நேரமிருக்கும். சுவரொட்டியின் முன் நிற்பவரிடம் மக்கள் வந்து நின்று, வரைபடத்தைக் காட்டி, 'இந்தப் புள்ளி மட்டும் ஏன் விலகியிருக்கிறது?' என்று கேட்பார்கள்; சிலர் பத்து நிமிடம் வாதிடுவார்கள்; ஓரிருவர் தங்கள் தரவையே தர முன்வருவார்கள். பயண உதவித்தொகை விஷயத்தில், அறிவிப்பில் இருக்கும் தொகையைவிட அது எப்போது கைக்கு வரும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். நான் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த ஓர் உதவித்தொகை, செலவெல்லாம் செய்து முடித்து ரசீதுகளை ஒப்படைத்த பிறகு பல மாதம் கழித்தே வந்தது. கையில் பணம் உள்ளவருக்கு மட்டும் பயன்படும் உதவியை உதவி என்று சொல்வது கடினம். முன்பணம் தரும் வழி இருக்கிறதா, விமானச் சீட்டை நிறுவனமே எடுத்துத் தருமா, தன்னார்வலராகப் பணியாற்றினால் பதிவுக் கட்டணத்தில் விலக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம்.

அழைத்ததெல்லாம் கருத்தரங்கும் ஆகாது. நம் துறைக்குத் தொடர்பில்லாத தலைப்பில், 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே' என்று முதலாண்டு மாணவரை விளித்து, சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் தந்து, உடனே கட்டணம் கேட்கும் நிகழ்ச்சிகள் பணம் பறிக்க நடத்தப்படுபவை. 'திங்க். செக். அட்டெண்ட்.' என்ற இலவசச் சரிபார்ப்புத் தளம், ஏற்பாட்டாளர் யார், திட்டக் குழுவில் நமக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றனவா, கட்டணம் எதற்கு என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பன போன்ற கேள்விகளை வரிசையாகக் கேட்கிறது. ஐயம் வந்தால், குழுவில் பெயர் இடம்பெற்றிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று அவர் பதில் எழுதினால், கட்டணம் செலுத்தும் வேலை மிச்சம்.